நல்ல திரையோடு மூலைக்குப் போகும் கணினிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். படித்த பள்ளியின் கணினி அறைக்குப் பத்துக் கணினிகள் வாங்கித் தருவதற்காக மூன்றரை லட்சம் ரூபாய் திரட்டியிருந்த அவர்கள், திரையும் கணினியும் ஓர் உடலுக்குள் அடங்கிய ஆல்-இன்-ஒன் வாங்குவதா, கையகலக் கணினிப் பெட்டி ஒன்றும் தனி மானிட்டர் ஒன்றுமாக வாங்குவதா என்பதில் தமக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள். ஆல்-இன்-ஒன் கட்சிக்காரர் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "திறப்பு விழா போட்டோவில் அதுதான் அண்ணே எடுப்பாக இருக்கும்" என்றார். நான் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. நால்வரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே பள்ளியின் கணினி அறைக்குப் போனேன்.

அந்தப் பள்ளிக்கு 2017இல் வேறோர் ஆண்டு மாணவர்கள் பத்து ஆல்-இன்-ஒன் கணினிகளைக் கொடுத்திருந்தார்கள். அவற்றுள் நான்குதான் இன்று ஓடுகின்றன. மீதி ஆறும் அறையின் வடக்கு மூலையில், பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அந்த ஆறையும் வெவ்வேறு ஆண்டுகளில் திறந்து பார்த்தவன் நான்தான் என்பதால், அவை ஒவ்வொன்றும் எதனால் நின்றது என்பது எனக்குத் தெரியும். ஆறில் ஐந்தின் திரைகள் இன்றைக்கும் ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லாமல் வாங்கிய நாள்போலவே இருக்கின்றன. இந்த ஒரு செய்தியைத் தங்கள் நாளிதழின் வாசகர்களிடம் சேர்ப்பதற்காகவே இவ்வளவு நீண்ட கடிதம். கணினியில் நெடுநாள் உழைக்கும் உறுப்பு திரை. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மதர்போர்டும், கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கும், விசிறியும் அதற்கு முன்பே போய்விடும். ஆல்-இன்-ஒன் என்பது, முதலில் போவதோடு கடைசியில் போவதைச் சேர்த்துக் கட்டிவைத்த ஏற்பாடு.

பட்ஜெட் தாராளமாக இருப்பவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். முப்பதாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் இடையில் நின்றுகொண்டு, பிள்ளையின் படிப்புக்கோ சங்கத்தின் கணக்குக்கோ ஒரே ஒரு முறை வாங்கப்போகிறவருக்குத்தான் இது முக்கியம்.

அந்த ஆறு கணினிகளின் கதையைச் சொல்கிறேன். முதலாவது, ஐப்பசி மழையில் ஓர் இடி விழுந்த அன்று போயிற்று. மின்சாரம் வழியாக வந்திருந்தால் அடாப்டரோடு போயிருக்கும். அது வந்தது கூரைமேல் இழுத்திருந்த இணைய கேபிள் வழியாக. அந்தக் கேபிளைச் செருகும் லேன் போர்ட் கருகி, அதையடுத்து மதர்போர்டில் இரண்டு சிப்புகள் வெடித்திருந்தன. இரண்டாவதின் பின்பக்கத்தைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பக் குழாய்க்கும் நடுவில் ஒரு பல்லி உலர்ந்துபோய் ஒட்டியிருந்தது. டெல்டாவில் இது அதிசயமில்லை; இரவு முழுவதும் கதகதப்பாக இருக்கும் பொருளின் காற்றுத்துளைகளைப் பல்லியும் எறும்பும் தேடி வரும். பல்லியின் வால் பட்டு விசிறி நின்றிருக்கிறது, விசிறி நின்றதால் கணினியின் மூளையான பிராசஸர் சூடேறியிருக்கிறது, திரும்பத் திரும்பத் தானாக அணைந்ததை யாரும் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்களை அடித்துப் போட்ட பிறகு, கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல், வாடகை ஜெனரேட்டரில் ஓட்டிய நாட்களில் போனவை. ஐந்தாவதில் ஹார்டு டிஸ்க் மட்டும்தான் போயிருந்தது. அதை மாற்றுவது அரை மணி நேர வேலைதானே என்று கேட்பீர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். ஆறாவதின் மேல் மட்டும் ஒரு கிரிக்கெட் பந்து விழுந்து திரை உடைந்திருக்கிறது. அதன் மதர்போர்டு பழுதில்லாமல் இருக்கிறது. ஆக, ஐந்து நல்ல திரைகளும் இரண்டு நல்ல மதர்போர்டுகளும் ஒரே விரிப்பின் கீழே இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றுக்கு உதவச் செய்ய எளிய வழியில்லை.

வழியில்லாமல் போனதற்குக் காரணம் ஒரு சின்ன ஓட்டை. தனி மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் வெளியிலிருந்து வரும் படத்தை அது காட்டும். பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களிலும் எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய ஓட்டை இருக்கிறது. ஆனால் அது படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே. உள்ளே வாங்கிக்கொள்ளாது. உள்ளே வாங்கும் வசதியுள்ள மாடல்களும் சந்தையில் உண்டு. ஆப்பிள் நிறுவனமே 2009 முதல் 2014 வரை வெளியிட்ட பல ஐமேக்குகளில் அவற்றை வேறு கணினிக்கு மானிட்டராகப் பயன்படுத்தும் ஏற்பாட்டை வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. விற்பனையாளரிடம் வாசகர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். பத்துக் கடைகளில் எட்டுக் கடைக்காரர்களுக்குக் கேள்வியே புரியாது என்பது வேறு விஷயம்.

இனி, அரை மணி நேர வேலை. கையகலப் பெட்டிகளில், கொள்ளளவை வைத்துத் தொழிலில் நாங்கள் ஒரு லிட்டர் பெட்டி என்று சொல்லும் லெனோவா டைனி, டெல் மைக்ரோ, எச்.பி. மினி போன்றவற்றில், பின்புறம் ஒன்றிரண்டு ஸ்குரூவைத் தளர்த்தி மேல்மூடியை நகர்த்தினால் ரேம் என்னும் நினைவகம், ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றான வேகமான எஸ்.எஸ்.டி., விசிறி எல்லாம் கண்முன்னே இருக்கும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் வந்தவர் டீ குடித்து முடித்திருக்க மாட்டார். மலிவான ஆல்-இன்-ஒன் பலவற்றில் ஸ்குரூவே வெளியில் தெரியாது. திரையின் ஓரத்தில் நகக்கண் அளவு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, சுற்றியுள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று விடுவிக்க வேண்டும். எட்டு ஆண்டு சூட்டில் மொறுமொறுவென்று ஆகிவிட்ட பிளாஸ்டிக்கில் நான்கு கொக்கியாவது முறியும். சில மாடல்களில் திரையை ஒட்டுநாடாவால் ஒட்டியிருப்பார்கள். அதைச் சூடுகாட்டிப் பிரிக்கும்போது கண்ணாடி கீறினால் பொறுப்பு என்னுடையது. ஆகவே கூலி கூடுகிறது. பள்ளியின் தலைமையாசிரியருக்கோ, அந்தக் கூலிக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுப்பது என்று தெரியவில்லை. ஐந்தாவது கணினி மூலைக்குப் போனது இப்படித்தான்.

மதர்போர்டு போன கணினிகளுக்கு உதிரி கேட்டுத் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு எழுதினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மற்றவர்களும் இதே மாதிரிதான். ஒரு மாடலுக்கு உதிரி நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், இன்னொன்றுக்குப் புதுக் கணினி விலையில் பாதிக்கும் மேல் ஆகும் என்றும் பதில் வந்தது. ஆல்-இன்-ஒன்னின் மதர்போர்டு அந்தந்த மாடலின் உடலுக்கென்றே வெட்டிச் செய்யப்படுவது. ஆகவே ஒன்றினுடையது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு லிட்டர் பெட்டிகளின் போர்டும் அப்படித்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போர்டு போனால் பெட்டியோடு போகிறது. மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் மேசையிலேயே அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் அந்த நான்கு கணினிகளுக்கும் நாள் குறித்தாயிற்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. 2017இல் பள்ளிக்கு வந்தவை அதற்கு ஒரு தலைமுறை முந்தியவை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டம் வீட்டுப் பயனருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நான்கிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நான் போட்டு, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள்; கணினி ஆசிரியருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இவை பெட்டியும் மானிட்டருமாக இருந்திருந்தால் பெட்டியை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

விலைக்கணக்குக்கு வருவோம். பட்ஜெட் கணினி பற்றிய கடிதத்தில் ஆப்பிளை இழுப்பது பொருத்தமில்லைதான் என்றாலும், கணக்கைத் தெளிவாகக் காட்டுவதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. 2024 இறுதியில் அந்த நிறுவனம் எம்4 சிப்பை வைத்து இரண்டையும் வெளியிட்டது. திரையில்லாத மேக் மினி இந்தியாவில் ரூ.59,900இல் தொடங்கியது, 24 அங்குலத் திரையோடு கூடிய ஐமேக் ரூ.1,34,900இல் தொடங்கியது. இடைவெளி 75,000 ரூபாய். ஐமேக்கின் திரை மிக உயர்ந்த தரம், கேமராவும் ஒலிபெருக்கியும் கீபோர்டும் மவுஸும் அதோடு வருகின்றன என்பதையெல்லாம் கழித்தாலும், அந்த 75,000 ரூபாயை எப்போது, எவ்வளவு செலவிடுவது என்ற முடிவு மினி வாங்குபவரின் கையில் இருக்கிறது. இன்றைக்கு வீட்டிலிருக்கும் பழைய மானிட்டரில் ஓட்டலாம். அடுத்த ஆண்டு நல்லது வாங்கலாம். இரண்டிலுமே ரேமைப் பின்னால் கூட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி சிறியது என்பதாலேயே அது திறந்து மாற்றக்கூடியது என்று நினைத்துவிடக் கூடாது.

நம்முடைய பட்ஜெட்டில் இந்தக் கணக்கு சிறியதாகத் தோன்றும், ஆனால் உருவம் அதேதான். 22 அங்குல மானிட்டர் ஒன்று ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரே விலையில் ஒரு ஆல்-இன்-ஒன்னையும், பெட்டியும் மானிட்டருமாக ஒரு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவான ஆல்-இன்-ஒன்னில் பெரும்பாலும் மடிக்கணினிக்குரிய பிராசஸர் இருக்கும். பெயரின் கடைசியில் 'யு' என்ற எழுத்து இருந்தால் அது மடிக்கணினிச் சரக்கு. திரைக்குப் பின்னால் காற்றோட்டம் குறைந்த இடத்தில் சூடு தாங்காது என்பதால் அதைப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்டிகளில் 'டி' என்று முடியும் 35 வாட் பிராசஸர் வழக்கம். தட்டச்சு, கணக்கு, இணையம் பார்ப்பது ஆகியவற்றுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 என்ற ஆறு வாட் பிராசஸரே அந்த வேலைகளுக்குப் போதுமாக இருக்கிறது. என் கடையின் பில் போடுவது அதில்தான்.

ஆனால் ரேம் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2025இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால், ரேம் விலை எங்கள் தொழிலில் நான் பார்த்திராத வேகத்தில் ஏறியது. இந்த நிலையில் 8 ஜி.பி.யோடு வாங்கி, விலை இறங்கும்போது இன்னொரு 8 ஜி.பி. செருகிக்கொள்வதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. அதற்கு ரேமைச் செருகும் காலி ஸ்லாட் ஒன்று வேண்டும். விளம்பரத்தில் '8 ஜி.பி. ரேம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது ஸ்லாட்டில் செருகியதா, போர்டோடு பற்றவைத்ததா என்பது எங்கும் இல்லை.

ஆல்-இன்-ஒன்னுக்கு எதிராக வழக்காட வந்தவன் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு நானே அதைத்தான் வாங்கித் தந்தேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் பேரனின் முகத்தைப் பார்க்க வேண்டும், காலையில் தமிழ்த் தாள்களைப் படிக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் அவருக்கு. "தம்பி, கீழே ஒயர் கிடக்கக் கூடாது, துடைப்பம் மாட்டி இழுத்துவிடும்" என்றார். கேமராவும் மைக்கும் ஒலிபெருக்கியும் உள்ளேயே இருக்க, சுவருக்குப் போவது ஒரே ஒரு ஒயர். அந்த வீட்டில் தனிப் பெட்டி, தனி வெப்கேம், தனி ஸ்பீக்கர் என்று பரப்பியிருந்தால் மாதம் இருமுறை எதையாவது செருகிவிட நான் போயிருப்பேன். மருத்துவமனைப் பதிவு மேசை, நகைக்கடைக் கவுண்டர், வங்கியில் வாடிக்கையாளர் முன்னிலையில் இருக்கும் மேசை ஆகிய இடங்களிலும் அது பொருத்தமே. அங்கே பழுதானால் மாற்றித் தர ஒப்பந்தம் இருக்கும். பத்துப் பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் பள்ளி அறையில் அந்த ஒப்பந்தமும் இல்லை, அந்த அம்மாவின் பக்குவமும் இல்லை.

கையகலப் பெட்டியை வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்களும் உண்டு. பெட்டி விலை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கியவர் ஒருவர், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இல்லாத வெற்றுக்கூட்டைக் கொண்டுவந்து 'ஆன் ஆகவில்லை' என்று என் மேசையில் வைத்தார். பெயர் தெரியாத தயாரிப்புகள் சிலவற்றில் விண்டோஸ் ஓடும், ஆனால் முறையான உரிமம் இருக்காது. ஒலிபெருக்கி, கேமரா, சிலவற்றில் வைஃபை கூட இல்லை என்பதால், அவற்றின் விலையைக் கூட்டிய பிறகே ஆல்-இன்-ஒன்னோடு ஒப்பிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் தள்ளும் பழைய ஒரு லிட்டர் பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கின்றன. பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் பட்ஜெட்டுக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை என்பது என் அனுபவம். ஆனால் அடாப்டரைப் பார்த்து வாங்க வேண்டும். டெல் பெட்டியின் அடாப்டர் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அது முறிந்திருந்தாலோ, அது இல்லாத போலி அடாப்டராக இருந்தாலோ, கணினி ஓடும். ஆனால் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நத்தையாக நகரும். கடைக்காரரின் முன்னாலேயே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருட்டும் ஒரு கவலைதான். பெட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று கணினி ஆசிரியர் சொன்னபோது நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மானிட்டரின் பின்புறம் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும், வெசா அளவு என்பார்கள். அதில் தகடு வைத்துப் பெட்டியை முதுகோடு திருகிவிட்டால் பார்வைக்கு ஆல்-இன்-ஒன் மாதிரியே இருக்கும். மேசையும் காலி, பையில் போடவும் முடியாது. போட்டோக் கவலை கொண்ட நண்பருக்கு இதைத்தான் காட்டினேன். முகம் தெளிந்தது. மலிவான மானிட்டர்கள் சிலவற்றில் இந்தத் துளைகள் இருக்காது, ஆகவே வாங்கும் முன் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மின்சாரச் செலவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே பழைய கோபுரப் பெட்டியைவிட வெகு குறைவாகத்தான் இழுக்கும். வீட்டுக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும்.

இனி, அரசிடமும் விளம்பரம் தருவோரிடமும் தங்கள் இதழ் வழியாக வைக்க விரும்பும் கோரிக்கை. ஒன்றிய அரசின் வெளிநாட்டு வணிக இயக்குநரகம் 2023 ஆகஸ்ட் 3 அன்று இறக்குமதிக் கட்டுப்பாட்டு அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. மடிக்கணினி, டேப்லெட் ஆகியவற்றோடு ஆல்-இன்-ஒன்னையும் மிகச் சிறு வடிவக் கணினிகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்து, 2023 நவம்பர் முதல் அனுமதி பெற்று இறக்குமதி செய்யும் முறையாக அதை மாற்றினார்கள். எல்லையில் நுழையும்போது இந்த இரண்டு வகைகளையும் இவ்வளவு துல்லியமாகப் பெயர் சொல்லிப் பிரித்தறிய முடிந்த அரசு, அவை கெட்டுப்போகும்போது மட்டும் எல்லாவற்றையும் 'மின்னணுக் கழிவு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரை மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்குகின்றன. நல்லதுதான். ஆனால் மூலையில் நிற்கும் ஐந்து திரைகள் இன்னும் கழிவாகவே ஆகவில்லையே. நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளமும் தொடங்கியது. பிரான்சில் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி முதலிய சில பொருட்களைக் கடையில் வைக்கும்போதே, அவற்றை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. மேசைக் கணினிகளுக்கும் நம் நாட்டில் அப்படி ஒரு மதிப்பெண் வருமானால், அந்த நான்கு பேரும் என் கடைக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

அதுவரைக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கள் இதழில் முழுப்பக்கம் விளம்பரம் தரும் நிறுவனங்கள் மூன்று விவரங்களைச் சேர்க்கலாம்: ரேம் மாற்றக்கூடியதா, வெளியிலிருந்து படத்தை வாங்கும் எச்.டி.எம்.ஐ. உள்ளதா, உதிரி எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும். விலைக்குக் கீழே ஒரு வரிதான் பிடிக்கும். பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்கள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவையும் விலைப்புள்ளி கேட்கும் தாளில் 'ஆல்-இன்-ஒன்' என்று பழக்கத்தால் எழுதிவிடாமல், பெட்டியையும் திரையையும் தனித்தனி வரிகளாக எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த நால்வரும் கடைசியில் பத்துச் சிறு பெட்டிகளும் ஏழு மானிட்டர்களும் வாங்கினார்கள். ஏழுதானா என்று கேட்பீர்கள். மூலையிலிருந்த ஐந்து திரைகளில் மூன்றைக் கழற்றி, வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கித் திரைக்குத் தரும், தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் யுனிவர்சல் போர்டைப் பொருத்தித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஆகிறது. மரச்சட்டம் அடித்துக் கொடுக்கத் தெரு முனைத் தச்சர் கூலி வாங்கவில்லை. இரண்டு முடிந்து, பிளைவுட் சட்டத்துக்குள் படம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது திரை வேறு வகை இணைப்பு கொண்டது, சென்னையிலிருந்து வந்த போர்டு அதற்குப் பொருந்தவில்லை. மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை பத்தாவது பெட்டி, பந்தடி பட்ட ஆறாவது கணினியின் பக்கத்தில், கவர் பிரிக்காமல் இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மன்னார்குடி.